ஈயம் இல்லாத பெற்றோல்

பெற்றோல் செட்டில் நிற்கிறவனுக்குப் பெற்றோலைப் பற்றி எல்லாம் தெரியும் என்று சனங்கள் நினைக்கிறார்கள். கோயில் வாசலில் செருப்புப் பார்க்கிறவனிடம் மந்திரத்துக்கு அர்த்தம் கேட்கிற மாதிரிதான் இது. நான் குழாயைப் பிடிப்பேன், மீட்டரைப் பார்ப்பேன், மூடியைத் திருகிக் கொடுப்பேன். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். ஆனாலும் ஈயம் கலக்காத பெற்றோல் வந்த அந்த வருடம், குருவிட்டப் பக்கம் வண்டி வைத்திருந்த அத்தனை பேருக்கும் நானே பதில் சொல்ல வேண்டியதாகப் போயிற்று.

ஈயத்தை ஏன் எடுத்தீர்கள் என்பார்கள். ஏதோ நான் கையை விட்டு எடுத்த மாதிரி. புகையில் போகிற ஈயம் பிள்ளைகளின் மூளைக்கு ஆகாதாம் என்று முதலாளி சொல்லித் தந்ததைச் சொல்வேன். அப்படியானால் இவ்வளவு காலமும் ஏன் போட்டீர்கள் என்பார்கள். அதற்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டும். ஒருவர் வந்து, மூடியைத் திறந்து மூக்கை உள்ளே விட்டு மோந்து பார்த்து, இது மண்ணெண்ணெய் என்றார். இன்னொருவர் நிறம் மாறிவிட்டது என்றார். காலையில் முருகனை நினைத்து, திருநீறு பூசி, இன்றைக்காவது எவருடனும் முகம் சுளிக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டுதான் வேலைக்கு வருவேன். பத்து மணிக்குள் முகம் சுளித்துவிடும்.

அந்த வேலை எனக்கு லேசில் கிடைத்தது அல்ல. எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து வெளியே போய் மாதச் சம்பளத்துக்கு நின்றவர்கள் அப்போது விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். முதலாளி சிங்களவர், நல்ல மனிதர். எனக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு என்பதால்தான் எடுத்தார். செட்டுக்குள் நுழைந்தால் ஒரு பக்கச் சுவரில் அவருடைய புத்தர் படம், மறுபக்கம் என்னுடைய பிள்ளையார் படம். இரண்டுக்கும் அவரே பூ வைப்பார். என் மனைவி மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். நாங்கள் இருந்தது இன்னமும் தோட்டத்து லயத்தில், ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டிய காம்பராக்களில் ஒன்றில்தான். செட்டுச் சம்பளம் வந்துகொண்டிருக்கும் வரைக்கும் என் மகள் மலையேற வேண்டாம், படிக்கலாம். இதுதான் எனக்கும் கடவுளுக்கும் இடையில் இருந்த கணக்கு.

இனி என் தங்கையின் புருஷனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் த்ரீவீல் ஓட்டுபவன். சந்தியிலிருந்து தோட்டத்துக்கு ஏற்றம், தோட்டத்திலிருந்து சந்திக்கு இறக்கம், இதுதான் அவன் உலகம். நல்ல பிள்ளை. குடிக்க மாட்டான், தங்கையை அடிக்க மாட்டான். ஆனால் ஒன்றைப் பிடித்துக்கொண்டானென்றால் விடமாட்டான். புதுப் பெற்றோல் வந்த முதல் கிழமையே, வண்டி ஏற்றத்தில் இழுக்கவில்லை என்று பிடித்துக்கொண்டான். வண்டியை மெக்கானிக் பாஸிடம் காட்டு என்று நான் சொன்னால், வண்டி நல்லது, உங்கள் பெற்றோலில்தான் உயிரில்லை என்பான். சாப்பிட உட்கார்ந்தால் இது, கோயிலுக்குப் போனால் இது, குளிக்கப் பீலிக்குப் போனால் அங்கேயும் இது.

ஒரு வெள்ளிக்கிழமை. நான் வெள்ளிக்கு ஒரு நேரம்தான் சாப்பிடுவேன், அதுவும் வேலை முடிந்து கோயிலுக்குப் போய் வந்த பிறகு. மத்தியானம் வெயில் தலைக்கு மேலே நின்றது. வரிசையில் ஏழெட்டு வண்டி. பெற்றோல் கொண்டுவருகிற பவுசர் வேறு வந்து நின்று, அதற்கும் இடம் விட்டுக் கொடுக்க வேண்டும். இவன் வண்டியை நடுவில் கொண்டுவந்து நிறுத்தி, ஆரம்பித்தான்.

"மச்சான், பழைய பெற்றோல்ல இருந்த அந்தச் சக்தி எங்க போச்சு? ஈயத்த எடுத்ததாலதானே இப்புடி?"

எனக்கு வயிறு எரிந்தது. வாயும் எரிந்தது.

"ஆமாங்க மாப்பிள்ள. ஈயத்த எடுத்துட்டானுக. ஒங்களுக்கு அவ்வளவு ஆசையா இருந்தா, நீங்களே கொஞ்சம் ஈயத்தப் போட்டுக்குங்க. யாரு வேணாங்கிறா?"

வரிசையில் நின்ற தமிழ் தெரிந்த ஒருவர் சிரித்தார். இவன் சிரிக்கவில்லை. தலையை ஒருமுறை ஆட்டிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனான். அப்பாடா, ஆள் போய்விட்டான் என்று நான் அடுத்த வண்டிக்குக் குழாயை எடுத்தேன். அதோடு அந்தப் பேச்சை மறந்தும் போனேன். வயிறு விரதம் இருந்தது, வாய் இருக்கவில்லை. இது எனக்கு அப்போது தெரியவில்லை.

அதற்குப் பிறகு சில நாள் அவன் பெற்றோல் பேச்சே எடுக்கவில்லை. முருகா, ஒரு வழியாக விட்டான் என்று நான் நிம்மதியாக இருந்தேன். பிறகுதான் ஆரம்பித்தது. அவன் வண்டி சந்தியில் நன்றாக ஸ்டார்ட் ஆகும். சம தரையில் நன்றாக ஓடும். தோட்டத்து ஏற்றத்தில், மாரியம்மன் கோயில் வளைவுக்குக் கொஞ்சம் கீழே வந்ததும் இருமி இருமி நின்றுவிடும். ஆட்கள் இறங்கித் தள்ள வேண்டும். வண்டியைத் திருப்பிக் கீழ்நோக்கி விட்டால் உடனே ஸ்டார்ட் ஆகும். மறுபடி ஏற்றினால் மறுபடி நிற்கும். கைப்பிள்ளையோடு கிளினிக் போய் வந்த ஒரு பெண்பிள்ளையை மழையில் பாதி வழியில் இறக்கிவிட்டானாம். அவள் லயம் முழுக்கச் சொல்லித் தீர்த்தாள்.

பாஸிடம் காட்டினான். பாஸ் காப்பிரேட்டரைக் கழற்றிக் கழுவினார், பிளக்கை மாற்றினார், தன் கடை வாசலில் ஸ்டார்ட் பண்ணிக் காட்டினார். நன்றாகத்தான் ஓடியது. வண்டியில் ஒன்றுமில்லை, பெற்றோலைப் பார் என்று அவரும் சொல்லிவிட்டார். அவ்வளவுதான். இவன் நேரே த்ரீவீல் ஸ்டேண்டுக்குப் போய், எங்கள் செட்டில் அடித்தால் பெற்றோல் பாதி ஏற்றத்தில் செத்துப்போகிறது என்று சிங்களத்திலும் தமிழிலும் அறிவித்துவிட்டான். சொந்த மச்சான் நிற்கிற செட்டைப் பற்றி ஒருவன் இப்படிச் சொன்னால் சனங்கள் நம்பாமல் என்ன செய்யும்? த்ரீவீல்காரர்கள் ஒவ்வொருவராக அடுத்த செட்டுக்குப் போனார்கள். போகிறவர்கள் சும்மாவும் போகவில்லை. எங்கள் வாசலில் வேகத்தைக் குறைத்து ஒருவன் கேட்டான்:

"அண்ணே, ஒங்க செட்ல அடிச்சா, ஏத்தத்துல தள்ளுறதுக்கு ரெண்டு ஆளும் சேத்துத் தருவீங்களா?"

முதலாளி மூன்று நாள் பொறுத்தார். நான்காம் நாள் என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் உட்காரச் சொன்னால் விஷயம் பெரிது. கோபிக்கவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை.

"மே வெடே ஹரியன்னே நெஹே, மல்லி" என்றார். இது சரிப்பட்டு வராது, தம்பி என்று. ஒருவன் என் செட்டைக் கெடுத்துக்கொண்டிருக்கிறான், அவன் உன் ஆள். அவன் வண்டியில் என்ன கோளாறு என்று கண்டுபிடித்து, அவன் வாயாலேயே ஸ்டேண்டில் சொல்ல வை. அடுத்த பவுசர் வருவதற்குள் அது நடக்காவிட்டால் நான் வேறு ஆள் பார்க்கிறேன். இவ்வளவையும் மெதுவாகச் சிங்களத்தில் சொல்லிவிட்டு, பிள்ளையார் படத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பவுசர் நான்கு நாளில் வரும்.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அவள், உங்கள் தங்கச்சி வீட்டில் போய் ஒரு சத்தம் போடுங்கள் என்றாள். போனேன், போட்டேன். தங்கை அழுதாள். இவன் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்னென்னவோ செய்தும் பார்த்துவிட்டேன் மச்சான், இந்தப் பெற்றோலுக்கு ஒன்றுமே பிடிக்கவில்லை என்றான். என்ன செய்து பார்த்தாய் என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கத்துகிற அவசரத்தில் இருந்தேன்.

எங்கள் செட்டுக்கு மோட்டார் சைக்கிளில் ஒரு விஞ்ஞான வாத்தியார் வருவார். யாழ்ப்பாணத்துக்காரர், இரத்தினபுரிப் பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தார். அடுத்த நாள் காலையில் அவர் வந்தபோது, டேங்கை நிரப்பிவிட்டு, விடாமல் பிடித்துக்கொண்டேன். சேர், ஈயத்தை எடுத்துவிட்டால் பெற்றோலுக்குச் சக்தி குறையுமா, ஒரு உண்மையைச் சொல்லுங்கள், என் வேலை இதில்தான் தொங்குகிறது என்றேன். அவர் வண்டியை ஓரமாக நிறுத்தி, பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் பேனையால் கோடு போட்டுக் காட்டினார்.

பெற்றோல் எஞ்சினுக்குள் நேரத்துக்கு முன்னே தானாகப் பற்றிக்கொண்டால் எஞ்சின் டொக் டொக் என்று அடிக்கும், அதைத் தடுக்கத்தான் ஈயம் சேர்த்த ஒரு மருந்து போட்டார்கள், அது சக்தி அல்ல, கட்டுப்பாடு என்றார். பிறகு கோட்டின் மேல் சின்னச் சின்னப் பெட்டிகள் போட்டார்.

"இஞ்ச பாரும். உங்கட லயம் மாதிரித்தான் பெற்றோலும். நேர் வரிசையா அறை அறையாக் கிடக்கிறது கெதியாப் பத்தும். இப்ப என்ன செய்யினமெண்டால், எண்ணெய் ஆலையிலை அந்த லயத்தையே கழட்டி, அதே அறையளை வட்டமா, கிளை கிளையா மாத்திக் கட்டுகினம். அது அவசரப்பட்டுப் பத்தாது. பிறகு ஏன் ஈயம்?"

லயம் என்றதும் எனக்குச் சட்டென்று பிடிபட்டது. எங்கள் லயத்தில் ஒரு காம்பராவில் அடுப்புத் தீ கூரைக்கு ஏறினால் பத்துக் காம்பராவும் போகும். தோட்டத்தில் அது நடந்ததை நானே பார்த்திருக்கிறேன். இருபது காம்பரா, முப்பது காம்பரா மாதிரி நீளமாகக் கிடக்கிற கனமான எண்ணெயை உடைத்துச் சின்ன லயமாக்குகிற வேலையும் ஆலையில் உண்டு என்றார் வாத்தியார். நிலத்திலிருந்து வருகிற எண்ணெயைக் காய்ச்சிப் பிரித்தால் மட்டும் ஊருக்குப் போதிய பெற்றோல் கிடைக்காது, கனத்தை உடைக்க வேண்டும், நேராகக் கிடப்பதை வளைத்துத் திருத்த வேண்டும், எல்லாம் பெரிய சூட்டில் நடக்கிறது என்றார்.

"அந்த ஆலைக்காரங்கள ஒருக்கா எங்க தோட்டத்துக்கும் அனுப்புங்க சேர்" என்றேன். "வெள்ளக்காரன் கட்டுன லயம். இன்னும் ஒருத்தனும் மாத்திக் கட்டல."

அவர் சிரித்தார். இந்த மாற்றத்தைச் செய்ய வைக்கிறது ஊக்கி என்று ஒன்று, பெரும்பாலும் பிளாட்டினம், அது கலியாணத்துக்கு வந்த ஐயர் மாதிரி, இரண்டு பேரையும் மாற்றிவிட்டு, தான் மாறாமல் வீட்டுக்குப் போகும் என்றார். பின்னால் மோட்டார் சைக்கிளில் காத்திருந்த மாணிக்கத் தரகர் ஒருவர் பிளாட்டினம் என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு, ஒரு லீட்டரில் எவ்வளவு பிளாட்டினம் வரும் என்று சிங்களத்தில் என்னைக் கேட்டார். இந்த ஊரில் எதையும் யாரிடமும் விளக்க முடியாது.

புறப்படும்போது வாத்தியார் இன்னொன்றும் சொன்னார். ஈயத்தை உலோகமாகத் துண்டு துண்டாய்ப் போட்டதென்று நினைக்காதே, அது பெற்றோலில் கரைகிற மாதிரிச் செய்த வேறு சாமான், வெறும் ஈயம் கரையாது என்று. நான் தலையாட்டினேன். அப்போதும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

பெற்றோலில் பிழை இல்லை என்று மனம் தெளிந்துவிட்டது. ஆகவே பிழை வண்டியில்தான். அன்று மத்தியானமே முதலாளியிடம் இரண்டு மணித்தியாலம் கேட்டுக்கொண்டு, அவன் வண்டியில் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். ஓட்டு, எங்கே நிற்கிறதென்று நானே பார்க்கிறேன் என்றேன். வழி முழுக்க அவன் வாய் ஓயவில்லை. கேட்டுக்கொள்ளுங்கள், இப்போது இருமும், இப்போது நிற்கும் என்று ஏதோ திருவிழாவில் அடுத்த வாணவேடிக்கையைச் சொல்கிறவன் மாதிரி சொல்லிக்கொண்டே வந்தான். கோயில் வளைவுக்குக் கீழே அவன் சொன்ன இடத்திலேயே இருமியது. நின்றது. அவன் திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் ஒரு சந்தோசம்.

"எறங்குங்க மச்சான். ஒங்க பெற்றோல நீங்களே தள்ளுங்க."

நான் இறங்கவில்லை. அம்மன் கோயில் கோபுரம் மரங்களுக்கு மேலே தெரிந்தது. தாயே, புத்தியைக் கொடு என்று கும்பிட்டேன். ஏற்றத்தில் நிற்கிறது, இறக்கத்தில் ஓடுகிறது. வண்டி சாயும்போது உள்ளே ஏதோ ஒன்று நகர்கிறது. பவுசர் டேங்கின் அடியில் சேறு தங்கினால் குழாய் அடைபடுவதைச் செட்டில் பார்த்திருக்கிறேன். டேங்கைக் கழற்று என்றேன். மாட்டேன் என்றான். டேங்கில் ஒன்றும் இல்லை என்று அவ்வளவு அவசரமாகச் சொன்னான். அந்த அவசரம்தான் எனக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது.

கோயில் பக்கத்துத் தகரக் கொட்டிலுக்குத் தள்ளிக்கொண்டு போனோம். ஆமாம், நான்தான் தள்ளினேன். வாளியில் பெற்றோலை வடித்துவிட்டு, டேங்கைக் கழற்றி வாயைக் கீழே பிடித்து உலுக்கினேன். சரசரவென்று சத்தம் கேட்டது. ஒரு கம்பியை விட்டு இழுத்தேன். வெள்ளையாக, கசங்கலாக, கையகலம் கையகலமாக ஒவ்வொன்றாக வந்தது. தேயிலைப் பெட்டிக்குள்ளே ஒட்டியிருக்கிற ஈயத்தாள்.

"இது என்னா?" என்றேன்.

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே, மெதுவாகச் சொன்னான்.

"நீங்கதானே மச்சான் சொன்னீங்க. ஈயம் போட்டுக்கன்னு. செட்ல நிக்கிற மனுசன், தெரியாமயா சொல்லுவாருன்னு..."

எனக்கு அந்த வெள்ளிக்கிழமை முழுதும் கண்முன்னே வந்து நின்றது. வரிசை, வெயில், பசி, என் நாக்கு. ஆனாலும் கோபம் போகவில்லை. தாளை எங்கே எடுத்தாய் என்று கேட்டேன். கேட்காமல் விட்டிருக்கலாம். எங்கள் லயங்களில் பழைய தேயிலைப் பெட்டிகள்தான் அலமாரி, அரிசிப் பெட்டி, எல்லாம். தங்கை வீட்டில் ஒரு பெட்டியைக் கவிழ்த்து, மேலே துணி விரித்து, அதன் மேல்தான் சாமிப் படங்கள். அந்தப் பெட்டிக்குள் கையை விட்டு உரித்திருக்கிறான். வேறு பெட்டி இல்லையா என்றால், சாமிப் பெட்டி ஈயம் போட்டால் குற்றம் வராது, வண்டிக்கும் ஒரு காவலாக இருக்கும் என்று இரண்டு பேரும் யோசித்துச் செய்தார்களாம். தங்கை கற்பூரம் காட்டிக் கொடுத்தாளாம். முழுத் தாளையும் உரித்து, கத்தரிக்கோலால் வெட்டி, மூடி வழியாக ஒவ்வொரு துண்டாகப் போட்டிருக்கிறான். முதல் நாள் நான்கு துண்டு. சக்தி போதாமல் அடுத்த நாள் இன்னும் ஆறு. வண்டி நின்றதும், ஈயம் காணாது போல என்று மறுபடி நான்கு.

அது ஈயமா அலுமினியமா என்றுகூட எனக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும் ஏற்றத்தில் அது குழாய் வாய்க்கு வழுக்கி வந்து ஒட்டிக்கொண்டது. இறக்கத்தில் விலகியது. மற்றபடி முதலில் வண்டி இழுக்காததற்கு என்ன காரணம் என்றால், கிளச் பிளேட் தேய்ந்திருந்தது. பிறகு பாஸ் கழற்றிப் பார்த்துச் சொன்னார். புதுப் பெற்றோல் வந்த கிழமைதான் அதுவும் தேய வேண்டுமா? இதையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்லி அழுவது?

தாள்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு, அவனையும் கூட்டிக்கொண்டு செட்டுக்கு இறங்கினேன். அதற்கு முன் கழுவிய டேங்கோடு வண்டியை ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தோம், நிற்காமல் ஏறியது. வழி முழுக்க எனக்கு உள்ளே ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. வண்டிக்குள் குப்பை விழுந்திருந்தது முதலாளி, எடுத்தாயிற்று என்று மட்டும் சொன்னால் போதும். வேலை தங்கும். மகள் படிப்பாள்.

முதலாளி தாள்களை மேசையில் பரப்பிப் பார்த்தார். விரலால் தட்டினார். இதை யார் போடச் சொன்னது என்று அவனைக் கேட்டார். இவன் என்னைப் பார்க்கவே இல்லை. ஸ்டேண்டில் அவ்வளவு வாய் பேசியவன், உதட்டைக் கடித்துக்கொண்டு, தனக்கே தோன்றியது என்று சிங்களத்தில் முணுமுணுத்தான். பிள்ளையார் படத்துக்குக் கீழே நின்றுகொண்டு இதைக் கேட்டபோது என்னால் தாங்க முடியவில்லை.

"நான்தான் சொன்னேன் முதலாளி" என்றேன். வெள்ளிக்கிழமையையும் என் நக்கலையும் ஒன்று விடாமல் சொன்னேன். என் வேலை போகும் என்று தெரிந்தேதான் சொன்னேன்.

அவர் மேசையில் கிடந்த தாள்களின் மேல் குனிந்தார். பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாரோ என்று நினைத்தேன். சிரிப்பு. கண்ணைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். வேலை இருக்கும். ஆனால் இவன் மட்டும் ஸ்டேண்டில் சொன்னால் போதாது. நீயும் போக வேண்டும். போய், ஈயத்தாள் கதையை முதலிலிருந்து, நீ சொன்னது உட்பட, எல்லோருக்கும் சொல்ல வேண்டும். செட்டுக்கு வந்து கேட்கிறவர்களுக்கும் சொல்ல வேண்டும்.

சொன்னேன். எத்தனை தரம் சொன்னேன் என்று முருகனுக்குத்தான் தெரியும். த்ரீவீல்காரர்கள் திரும்பி வந்தார்கள். பெற்றோலுக்காக வந்தார்களோ, என்னை அந்தக் கதை சொல்ல வைத்துச் சிரிக்க வந்தார்களோ தெரியாது. முதலாளி அந்தத் தாள்களில் ஒன்றை நூலில் கட்டி, புகை பிடிக்கக் கூடாது என்ற பலகைக்குப் பக்கத்தில் தொங்கவிட்டார். கேட்காதவர்களும் அதைப் பார்த்துக் கேட்டார்கள். வெள்ளிக்கிழமைகளில் நான் பசியோடு பேசுவதை விட்டேன். பேசுவதையே கூடுமானவரை விட்டேன்.

இரண்டு மூன்று மாதம் கழித்து, ஒரு மத்தியானம், என் தங்கையின் புருஷன் பெற்றோல் அடிக்க வந்தான். வரிசை இல்லை. நான் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவன் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, மாணிக்கத் தரகர் ஸ்டேண்டில் ஒன்று சொன்னாராம் என்றான்.

"மச்சான், அந்தப் பிளாட்டினம்னு ஒண்ணு போட்டுத்தான் பெற்றோலயே திருத்துறாங்களாமே. கொஞ்சூண்டு எங்கயாச்சும் கெடைக்குமா?"

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. நான் மீட்டரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். டேங்க் நிரம்பியதும் மூடியை நானே எடுத்து, இறுக்கித் திருகி, இன்னொரு தரமும் திருகி, ஒன்றும் பேசாமல் கையை நீட்டி, அவன் வண்டிக்கு ரோட்டைக் காட்டினேன்.